இறகு, மணி, நூல், லைன்: ஃப்ளை கட்டுவோர் கேள்வி-பதில்

கேள்வி: மீன் பிடிக்க, முள்ளில் இறகு, முடி கட்டிப் பூச்சிபோலச் செய்யும் ஃப்ளையைக் கட்டப் பழகப் போகிறேன். முள்ளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், கத்தரி, நூற்சுருளைத் தாங்கும் பாபின், பத்துப் பதினைந்து வகை இறகு, முடி எல்லாம் அடங்கிய தொடக்கப் பெட்டி விற்கிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகத் தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டிகளில் முள் என்ன அளவு, நூலின் பருமன் எத்தனை டெனியர், இறகு பறவையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் எழுதியே இருக்காது. பாதிப் பொருள் எந்த ஃப்ளைக்கும் ஆகாது. மீதிப் பாதியை வைத்து ஒரு ஃப்ளையை முழுதாக முடிக்க நினைத்தால் இன்னொரு பொருள் குறையும்.

முதலில் கட்டப்போகும் ஃப்ளையை முடிவு செய்யுங்கள். அதற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். எங்கள் தேர்வு வூலி பக்கர். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெசிங் 1967இல் கட்டியது. பெரிய முள், தடித்த பொருள் என்பதால் பழகாத விரலுக்கும் அடங்கும். டிரவுட், பாஸ் மீன்கள் இரண்டும் எடுக்கும். வாங்க வேண்டியவை: தண்டு நீண்ட ஸ்ட்ரீமர் முள், 8ஆம் அளவு (எண் குறையக் குறைய முள் பெரிது), 25 கொண்ட ஒரு பொட்டலம், 140 டெனியர் நூல் ஒரு சுருள், மரபூ (பஞ்சுபோன்ற மெல்லிறகு) ஒரு பொட்டலம், நடுத்தரப் பருமனில் செனீல் (மயிரடர்ந்த தடித்த இழை) ஓர் அட்டை, நூலில் கோத்து விற்கும் சேடில் ஹாக்கிள் (முள்ளில் சுற்றும் சேவல் முதுகிறகு) ஒரு பொட்டலம், மெல்லிய செம்புக் கம்பி, எடைக்கு 0.5 மி.மீ. ஈயமில்லாக் கம்பி.

கட்டும் வரிசை: முள்ளின் தண்டில் ஈயமில்லாக் கம்பியை 12 முதல் 15 சுற்று சுற்றி, நூலால் முன்னும் பின்னும் அடைத்துப் பூட்டுங்கள். மரபூ வாலைத் தண்டின் நீளத்துக்கே வையுங்கள். அதைவிட நீண்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும், வால் முள்ளின் வளைவிலும் சுற்றிக்கொள்ளும். வால் அடியிலேயே செம்புக் கம்பியையும் செனீலையும் கட்டி, செனீலை முன்னோக்கிச் சுற்றுங்கள். ஹாக்கிளை முன்பக்கம் கட்டிப் பின்னோக்கி ஐந்தாறு சுற்றில் கொண்டுபோய், செம்புக் கம்பியை எதிர்த்திசையில் முன்னோக்கிச் சுற்றி இறகின் தண்டை அழுத்திப் பிடிக்கச் செய்யுங்கள். மீனின் பல் இறகை ஓரிடத்தில் அறுத்தாலும் மொத்தமும் அவிழாமல் காப்பது இந்தக் கம்பிதான். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லாருக்கும் நேரும் பிசகு, முள்ளின் காதுவரை செனீலைக் கொண்டுவந்துவிடுவது. காதுக்குப் பின்னால் இரண்டு காது அகலத்துக்கு வெற்றுத் தண்டு விடாவிட்டால் முடிச்சுப் போட இடமிருக்காது.

கருவிகளில் பணத்தை வைஸில் போடுங்கள். சுழலும் தலை, பளபளப்பு எல்லாம் அப்புறம். கடையில் 16ஆம் அளவு முள் ஒன்றை அதன் தாடையில் இறுக்கிக் காதருகே விரலால் கீழே அழுத்துங்கள். முள் வளைந்து நிமிர வேண்டும். தாடைக்குள் வழுக்கித் திரும்பினால் அந்த வைஸ் எவ்வளவு மலிவானாலும் தேவையில்லை. மேசையில் திருகி மாட்டும் வகை என்றால் உங்கள் மேசைப் பலகையின் தடிமனை முன்பே அளந்துகொண்டு போங்கள்.

கேள்வி: நீரில் மிதக்கும் உலர் ஃப்ளைக்கு ஹாக்கிள் வாங்க வேண்டும். கேப், சேடில் இரண்டில் எது லாபம்? கிரேடு உயர்ந்தது வாங்கினால்தான் ஃப்ளை மிதக்குமா?

பதில்: கேப் என்பது சேவலின் கழுத்துத் தோல். சேடில் என்பது முதுகின் பின்பகுதித் தோல். கேப்பில் சிறிய இறகு முதல் பெரிய இறகு வரை வரிசையாக இருக்கும். ஒரே தோலில் 10ஆம் அளவிலிருந்து 20 வரைகூடக் கட்டலாம். ஆனால் இறகு குட்டையானது. ஓர் ஃப்ளைக்கு ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு இறகு செலவாகும். சேடில் இறகு மிக நீளமானது. ஒரே இறகில் நாலைந்து ஃப்ளை கட்டிவிடலாம். ஆனால் ஒரு சேடிலில் உள்ள இறகெல்லாம் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு மூன்று அளவுக்குள் அடங்கிவிடும். ஆகவே எப்போதும் 14, 16 மட்டுமே கட்டுபவருக்கு சேடில் லாபம். பல அளவில் கட்டுபவருக்கு கேப்.

இரண்டும் பெரிய செலவாகத் தோன்றினால், ஒரே அளவு சேடில் இறகுகளை எடுத்து ஏறக்குறைய 100 ஃப்ளைக்குப் போதுமான சிறு பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் அரை கேப் வாங்குங்கள். முதல் நிறங்கள் இரண்டே: பழுப்பும், கறுப்பு-வெள்ளை வரியோடிய கிரிஸ்லியும். இந்த இரண்டையும் சேர்த்துச் சுற்றித்தான் ஆடம்ஸ் கட்டுகிறார்கள். மிச்சிகனில் லென் ஹாலடே 1922இல் கட்டிய அந்த ஃப்ளை இன்றும் பெட்டியில் இல்லாமல் ஆற்றுக்குப் போகிறவர் குறைவு.

கிரேடு விஷயத்துக்கு வருவோம். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் தோலில் இறகு எத்தனை நெருக்கமாக இருக்கிறது, பயன்படும் நீளம் எவ்வளவு, சிறிய அளவுகள் எத்தனை என்பதைத்தான் அது சொல்கிறது. கீழ்க் கிரேடு தோலில் இருந்து எடுத்த நல்ல ஓர் இறகும் நன்றாகவே மிதக்கும். அப்படிப்பட்ட இறகுகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். மாதம் ஒரு டஜன் கட்டுபவருக்கு உச்சக் கிரேடு தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

தோலைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை சில. நடு வரிசையில் இருந்து ஓர் இறகைப் பிடுங்காமல் விரலால் வளையுங்கள். இழைகள் விசிறியாகப் பிரிந்து நிற்கும்போது, தண்டையொட்டிப் பால்போல மங்கலாக ஒரு பகுதி தெரியும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் மென்பகுதி அது. அது தண்ணீரை உறிஞ்சும். இறகின் அடிப்பக்கம் மட்டும் அது இருந்தால் நல்ல உலர் ஃப்ளை ஹாக்கிள். பாதி நீளம்வரை ஏறியிருந்தால் மூழ்கும் ஈர ஃப்ளைக்கோ வூலி பக்கருக்கோ ஆகும். அடுத்து, அதே வளைவில் தண்டைக் கவனியுங்கள். மெல்லியதாக, உருண்டையாக வளைய வேண்டும். பட்டையான தண்டு முள்ளில் சுற்றும்போது புரண்டுகொள்ளும். இழைகள் நிமிராமல் முன்னும் பின்னும் சாயும். கடைசியாக இழையின் நுனியை உதட்டில் தொட்டுப் பாருங்கள். குத்தினால் சரி.

அளவு: இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல (தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினால் ஃப்ளை தண்ணீரில் குப்புறக் கவிழும். அளவுகோல் இல்லாவிட்டால் முள்ளையே இறகின்மேல் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நூலில் கோத்த சேடில் ஹாக்கிள் என்று மலிவாக வருவது உலர் ஃப்ளைக்கானது அல்ல. பெயரில் சேடில் இருப்பதால் வாங்கிவிட்டு, ஃப்ளை மூழ்குகிறது என்று விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விவரத்தில் உலர் ஃப்ளை என்ற சொல்லும் முள் அளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோலாக வாங்கினால் பின்பக்கப் படமும் கேளுங்கள். எண்ணெய் கசிந்து மஞ்சளேறிய தோல் நாளடைவில் நாறும். விலையும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. 2011இல் கிரிஸ்லி சேடில் இறகைத் தலைமுடியில் ஒட்டிக்கொள்வது நாகரிகமானபோது கடைகளில் சரக்கே இல்லாமல் போய் விலை பன்மடங்கு ஏறியது.

கேள்வி: கட்டிக்கொண்டிருக்கும்போதே நூல் அறுந்துபோகிறது. புது நூல், புது பாபின். எதைத் திருப்பிக் கொடுப்பது?

பதில்: நூல் எங்கே அறுகிறது என்று பாருங்கள். எப்போதும் பாபின் குழாயின் வாயருகே அறுந்தால் குழாயில் பிசிறு இருக்கிறது. பழைய நைலான் காலுறையின் ஓர் இழையைக் குழாய் வழியாக மெல்ல இழுத்துப் பாருங்கள். மாட்டினால் பாபினைத் திருப்பிக் கொடுக்கலாம். பீங்கான் குழாய் பொதுவாக நூலை அறுக்காது. ஆனால் கீழே விழுந்து வாய் உடைந்திருந்தால் கத்திபோல அறுக்கும்.

முள்ளருகே அறுந்தால் முள்ளின் கூர் நூலில் பட்டிருக்கிறது, அல்லது பாபினின் கைகள் நூற்சுருளை அளவுக்கு மீறி இறுக்குகின்றன. நூலை ஒரு சாண் வெளியே இழுத்துப் பாபினைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. விரலால் லேசாக இழுத்தால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கைகளைச் சற்று வெளியே வளைத்துவிடுங்கள்.

நூலின் பருமனும் காரணமாகலாம். 6/0, 8/0 என்று போடுவதற்குப் பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் 8/0 இன்னொன்றின் 12/0 அளவே இருக்கலாம். டெனியர் பாருங்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர் என்பதால் ஒப்பிட முடியும். 14 முதல் 20 வரையிலான முள்ளுக்கு 70 டெனியர், 10ஆம் அளவுக்கும் அதைவிடப் பெரிய முள்ளுக்கும் 140. மான் முடியை இறுக்கிச் சுழற்ற இவை போதாது. அதற்கு ஜெல் ஸ்பன் எனப்படும் பாலிஎத்திலீன் நூல் வேண்டும். அந்த நூலைச் சாதாரணக் கத்தரியால் வெட்டினால் கத்தரி மழுங்கும். அதற்கென ஒரு பழைய கத்தரியை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: எடைக்காக முள்ளில் கோக்கும் மணி, டங்ஸ்டன் என்று வாங்கியது பித்தளையோ என்று சந்தேகம். காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: காந்தத்தை நம்ப முடியாது. டங்ஸ்டன் மணியில் பொடியைப் பிணைக்கச் சேர்க்கும் நிக்கல், இரும்பு காரணமாகச் சில ஒட்டும், சில ஒட்டாது. தராசுதான் வழி. டங்ஸ்டனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், பித்தளை சுமார் 8.5. பிணைப்பு உலோகத்தால் மணியின் அடர்த்தி சற்றுக் குறைந்தாலும் பித்தளையின் இரண்டு மடங்கருகே நிற்கும். ஒரே விட்டமுள்ள பித்தளை மணி 25, சந்தேக மணி 25 எடுத்து 0.1 கிராம் காட்டும் தராசில் தனித்தனியாக நிறுங்கள். எடை ஏறக்குறைய சமமாக இருந்தால் படமெடுத்து அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பொட்டலத்தையும் அதில் ஒட்டிய சீட்டையும் கிழிக்காமல் வைத்திருங்கள்.

விட்டம் 16ஆம் அளவு முள்ளுக்கு 2.5 மி.மீ., 14க்கு 2.8, 12க்கு 3.3. சாதாரண முள்ளுக்கு ஒருபக்கம் குழிந்த துளையுள்ள மணி. காதருகே தண்டு மடிந்த ஜிக் முள்ளுக்கு நெடுக வெட்டிய மணி. மாற்றி வாங்கிவிட்டு மணி நிற்கவில்லை என்று எழுதுபவர்கள் அதிகம். மணி முள்ளின் வளைவைத் தாண்டாவிட்டால் எதிர்முள்ளை முதலில் இடுக்கியால் மடக்கிவிடுங்கள். மடக்கும்போதே நுனி ஒடிந்தால் அது பதம் சரியில்லாத முள். ஒரு பொட்டலத்தில் ஒன்று ஒடியலாம். மூன்று நான்கு ஒடிந்தால் மொத்தத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: கட்டி விற்கும் ஃப்ளைகளை டஜன் கணக்கில் வாங்கினேன். இரண்டு மீன் பிடித்ததுமே பிரிந்துவிடுகின்றன. வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். தூக்கி வெளிச்சத்தில் முள்ளின் காதைப் பாருங்கள். பசையோ இழையோ அடைத்திருந்தால் ஆற்றங்கரையில் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி இழை) நுழையாது. உடலை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருகுங்கள். முள்ளைச் சுற்றி உடல் உருண்டால் அடியில் நூல் அடித்தளம் போடாமல் கட்டியிருக்கிறார்கள். வாலைச் சற்று இழுங்கள், ஓரிழையும் வரக் கூடாது. தலையில் நூல் முடிச்சு அடுக்காக, காதிலிருந்து சற்று விலகி இருக்க வேண்டும்.

உலர் ஃப்ளையைக் கண்ணாடி மேசையில் வையுங்கள். ஹாக்கிள் நுனியும் வாலும் தாங்கி நிற்க வேண்டும். முள்ளின் வளைவு தொட்டும் தொடாமலும் இருக்கலாம். மூக்குக் குத்தி விழுந்தால் ஹாக்கிள் குட்டை அல்லது வால் மெலிவு. எல்க் மான் முடியால் கட்டும் உலர் ஃப்ளையான எல்க் ஹேர் கேடிஸில் முடி எங்கும் விரிந்து ஹாக்கிளையே மறைத்தால், அதிகம் விரியும் முடியை அதில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

எந்த நிறுவனத்தின் முள் என்று சொல்லாத கடையில் டஜன் வாங்காதீர்கள்; இரண்டு வாங்கிக் கட்டைவிரல் நகத்தில் முனையை லேசாக இழுத்துப் பாருங்கள். கூரான முள் நகத்தில் பற்றும், மழுங்கியது வழுக்கும். ஃப்ளையின் வண்ணத்தைப் பார்த்துச் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் முள்ளின் கூர் இல்லாமல் வீணாகிறது.

கேள்வி: ஃப்ளையை வீச உதவும் எடையுள்ள கயிறான லைன், 5ஆம் எண் வாங்கினேன். பெட்டியில் முதல் 30 அடி எடை 160 கிரெயின் என்று போட்டிருக்கிறது. 5க்கு 140 என்று படித்த நினைவு. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: தர அளவு நீங்கள் சொல்வதுதான். அமெரிக்க ஃப்ளை மீன்பிடித் தொழில் சங்க அட்டவணைப்படி நுனியிலுள்ள சமப்பகுதியை விட்டு முதல் 30 அடிக்கு 4ஆம் எண் 120 கிரெயின், 5 என்றால் 140, 6 என்றால் 160, 7 என்றால் 185, 8 என்றால் 210. ஒரு கிரெயின் 0.065 கிராம், ஆக 140 கிரெயின் ஒன்பது கிராமுக்குச் சற்று மேல். 5ஆம் எண்ணில் கூட ஆறு, குறைய ஆறு கிரெயின் மட்டுமே அனுமதி.

உங்கள் லைன் எடையில் 6தான். ஆனால் விரைப்பான இன்றைய தடிகளை எளிதில் வளைக்க வேண்டும் என்று நிறுவனங்கள் அரை எண், ஓர் எண் கூடுதலாகவே செய்து, அதைப் பெட்டியிலும் அச்சிடுகின்றன. அச்சிட்டிருந்தால் அதை மோசடி என்று வாதாட முடியாது. உங்கள் தடி விரைப்பானதா, பெரும்பாலும் 10 மீட்டருக்குள் வீசுகிறீர்களா, அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள், அது உதவும். மென்மையான தடியானால் மடிந்து வளைந்து, வீசும்போது லைன் போடும் வளையம் (லூப்) அகன்று, ஃப்ளை தண்ணீரில் அறைந்து விழும். அப்போது மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ரீலில் சுற்றும் முன். சுற்றிய லைனைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை.

கேள்வி: புற ஊதா விளக்கில் இறுகும் பசையான யு.வி. ரெசின் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கிறது. பழைய சரக்கா?

பதில்: பெரும்பாலும் சரக்கு அல்ல, விளக்கு. மேல்பரப்பில் காற்றின் ஆக்சிஜன் இறுகுவதைத் தடுப்பதால் மெல்லிய பிசின் படலம் நிற்பது பல ரெசின்களின் இயல்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்தால் போய்விடும். உள்ளேயே இளகியிருந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது விளக்கின் அலைநீளம் ரெசினுக்குப் பொருந்தவில்லை. 365 நானோமீட்டர் விளக்கும் 395 விளக்கும் ஒன்றல்ல. ரெசின் பாட்டிலில் எது எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். மெல்லிய பூச்சாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். ஜன்னலருகே மூடியைத் திறந்து வைத்தால் பாட்டில் வாயே கெட்டிப்பட்டுவிடும்.

கேள்வி: தபாலில் வந்த கேப்பில் பொடிப்பொடியாக ஏதோ உதிர்கிறது. சில இறகுகள் அடியில் அரித்திருக்கின்றன. மற்றப் பொருட்களுக்கும் பரவுமா?

பதில்: பரவும். அது கம்பள வண்டின் புழு அல்லது துணி அந்துப்பூச்சியின் புழு. உதிர்வது அதன் எச்சம். மெல்லிய வலைபோலத் தெரிந்தால் அந்துப்பூச்சி. படமெடுத்து விற்றவருக்கு அன்றே அனுப்புங்கள், தோலை இறுக மூடும் பையில் போட்டுத் தனியே வையுங்கள். திரும்ப எடுக்காவிட்டால் அதே பையோடு மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறையவிடுங்கள். வெளியே எடுத்துப் பையைத் திறக்காமலேயே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். திறந்தால் ஈரம் இறகில் படியும். பிறகு இன்னொரு முறை உறையவிடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம்; சில வகை ஆவி பிளாஸ்டிக் பெட்டிகளை இளக்கும், இறகிலும் வாடை ஏறும். புதிதாக வரும் எந்தத் தோலையும் முதலில் உறையவிட்டுத்தான் பழைய பொருட்களோடு சேர்க்க வேண்டும்.

கேள்வி: பழைய பாணி சால்மன் ஃப்ளைக்காக அரிய பறவை இறகுகளைத் தனிநபர் ஒருவர் விற்கிறார். ‘ஜங்கிள் காக்’ கழுத்துத் தோலும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: எழுத்து ஆதாரம் இல்லாமல் வேண்டாம். ஜங்கிள் காக் என்பது தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி. கழுத்திறகின் நுனியில் மெழுகு வார்த்தாற்போல இருக்கும் புள்ளிக்காகவே கேட்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. முறையாக விற்கப்படுவது பண்ணையில் வளர்த்த பறவையின் தோல். வளர்த்தவர் சான்றும், எல்லை தாண்டினால் அதற்கான தாள்களும் கூடவே வர வேண்டும். குவெட்சல் போன்ற பறவைகள், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை, வணிகத்துக்கே இடமில்லை. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி, தரையில் கிடந்து பொறுக்கிய இறகுகூடப் பல பறவைகளின் விஷயத்தில் குற்றம்.

இன்னொன்றும் உண்டு. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. அவற்றில் பல, சால்மன் ஃப்ளை கட்டுபவர்களிடமே விற்கப்பட்டன. தோலில் அருங்காட்சியகச் சீட்டு கட்டியிருந்த தழும்போ, சீட்டை வெட்டிய நூலோ தெரிந்தால் கைவைக்காதீர்கள். சாயமேற்றிய வாத்து, கினிக்கோழி இறகுகளில் மாற்றுகள் கிடைக்கின்றன. சட்டத்தில் மாட்டி ஃப்ளையைப் பறிகொடுப்பதைவிட அவை மேல்.

கேள்வி: டிப்பெட்டில் 5எக்ஸ், 6எக்ஸ் எதைப் பார்த்து வாங்குவது? பழைய சுருளைப் பயன்படுத்தலாமா?

பதில்: 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் விட்டம் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று வரும். 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், அதாவது 0.15 மி.மீ. முள் அளவை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய எந்த எக்ஸ் என்று கிடைக்கும்; 15, 16க்கு 5எக்ஸ். பவுண்டுக் கணக்கை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள், விட்டத்தைப் பாருங்கள்.

நைலான் வெயிலில் நலியும். கடை ஜன்னலில் தொங்கும் சுருளை வாங்காதீர்கள். வீட்டில் பழையது இருந்தால் நடுவில் ஒரு சாதா முடிச்சிட்டுச் சட்டென்று இழுங்கள். எளிதில் அறுந்தால் முதல் இரண்டு மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு உள்சுற்றில் மறுபடி சோதியுங்கள். அங்கும் அறுந்தால் சுருளையே போட்டுவிட வேண்டியதுதான். ஃப்ளோரோகார்பனுக்கு வெயில் பொருட்டல்ல, ஆனால் அது தண்ணீரைவிட அடர்ந்தது. சின்ன உலர் ஃப்ளைக்கு நைலானே வாங்குங்கள். இரண்டிலும் முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலாவது நனையுங்கள்.